சோத்துக்கைப் பக்கம்

கண்ணுகளா, அங்கேயே நின்றுகொண்டிருந்தால் எப்படி? கிட்டே வந்து உட்காருங்கள். கால் வலிக்கிறவர்கள் நீட்டிக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வயலில் போட வேண்டிய கரியைத் தன் மேலேயே பூசிக்கொண்ட ஒருத்தியின் கதை வைத்திருக்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். அவளே பிற்பாடு விழுந்து விழுந்து சிரித்தவள்தான்.

கரி இடது பாத்தியில் கிடந்தது. கிடக்க வேண்டியது வலது பாத்தியில்.

பார்த்தவள் தலையில் கை வைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளை எல்லோரும் ‘அவசரம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கதவைத் திறப்பதற்கு முன்பே உள்ளே போகப் பார்க்கிறவள். எதிராளி பாதி சொல்லும்போதே மீதியைத் தானே முடித்துவிடுகிறவள்.

போன வாரம் மண் ஆபீசரம்மா போனில் பேசியபோதும் அப்படித்தான்.

“நெல் ஆலைக்குப் பின்னாடி உமி வீணா மலையா கிடக்குல்ல? அதைச் சும்மா எரிச்சா புகையா மேல போயிடும்மா. காத்துப் படாம கருக்கி வயல்ல போட்டா, அந்தக் கரி நூறு வருஷம் ஆனாலும் மண்ணை விட்டுப் போகாது. தண்ணியையும் பிடிச்சு வைக்கும். ஒரு பக்கம் கரி போட்ட வயல், ஒரு பக்கம் சும்மா வயல். ரெண்டையும் வச்சு அஞ்சு வருஷம் பார்க்கப் போறோம். அதுவரைக்கும் மண்ணை வெட்டி வெளிய எடுக்கக் கூடாது. எதுல போட்டோம், எதுல போடலைன்னு குழப்பம் வந்துச்சுன்னா திட்டத்துலேருந்து பேரை எடுத்துடுவாங்க. அதனால...”

குக்கர் விசில் அடித்தது. “புரிஞ்சுது மேடம்” என்று இவள் போனை வைத்துவிட்டாள்.

புரிந்ததை உடனே செய்தும் முடித்தாள். நடு வரப்புக்கு வலது பக்கம் ‘கரி’ என்று ஒரு பலகை, இடது பக்கம் ‘சும்மா’ என்று ஒரு பலகை. இன்று காலை இருபது மூட்டையோடு வந்த டிராக்டர்காரரிடம், “சோத்துக்கைப் பக்கம் பரப்பி விடுங்கண்ணே” என்று ஓடுகிற ஓட்டத்தில் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். திரும்பி வந்தால் இந்தக் கோலம்.

டிராக்டர்காரர் வண்டி நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணே, சோத்துக்கைப் பக்கம்னுதானே சொன்னேன்?”

“அந்தப் பக்கம்தானே போட்டிருக்கேன்” என்றார் அவர். சந்தேகம் வேண்டாம் என்று கையைத் தூக்கியும் காட்டினார். விரல்களில் சோறு ஒட்டியிருந்தது. அது இடது கை.

அவசரம் அந்தக் கையையே பார்த்தாள்.

“பொறந்ததுலேருந்து இதுலதான் சாப்பிடறேன்” என்றார் அவர். “எங்கம்மா அடிச்சும் பார்த்தாங்க, அழுதும் பார்த்தாங்க. நீங்க வலதுன்னு சொல்லியிருந்தா வலதுல போட்டிருப்பேன்.”

அவர்மேல் என்ன குற்றம் சொல்ல முடியும்? டப்பாவைக் கழுவி மூடிக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? இருக்கிறது. இரண்டு போகமாக விளைச்சல் இல்லை. விட்ட தண்ணீர் மறுநாள் நிற்பதில்லை. அவள் புருஷன் பொறுமைசாலிதான், ஆனாலும் அலுத்துப்போய்ச் சொல்லிவிட்டான்: “இந்தக் கரி விஷயம் ஒண்ணுதான் பாக்கி. ஆபீசரம்மா பேரைச் சேர்த்தா பார்ப்போம். இல்லைன்னா வயலை மாப்பிள்ளைக்கே விட்டுடறேன்.”

மாப்பிள்ளை என்றால் அவன் தங்கை புருஷன். செங்கல் சூளை வைத்திருப்பவர். வயல் அவர் கைக்குப் போனால் நாலடி ஆழத்துக்கு மண்ணை வெட்டிச் சுட்டுவிடுவார். கல்யாணமாகி வந்த வருஷம் முதல் தான் நாற்று நட்ட மண், யார் வீட்டுச் சுவராகவோ எழுந்து நிற்பதை அவசரத்தால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை.

ஆபீசரம்மா வரப்போவது மூன்று மணிக்கு. அவசரம் யோசித்தாள். யோசனை ஒரு நிமிஷம்கூட நீடிக்கவில்லை. பலகைகளைப் பிடுங்கி இடம் மாற்றி நட்டாள். தீர்ந்தது வேலை என்று வீட்டுக்கு ஓடிப்போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். வந்து பார்த்தால் பலகைகள் பழைய இடத்திலேயே நிற்கின்றன. பக்கத்தில் புருஷன், பெரிய காரியம் செய்த முகத்தோடு.

“டிராக்டர்காரர் வழியில பார்த்துச் சொன்னாரு. பலகையை மாத்திட்டேன். கவலைப்படாத.”

“ஏங்க, அதை நான் ஏற்கெனவே மாத்திட்டேங்க.”

“அப்போ நான் மாத்துனது?”

“மாத்துனதை மாத்துனீங்க.”

“சரி விடு. மறுபடி மாத்தினா போச்சு” என்று அவன் பலகையில் கை வைத்தான். அவசரத்துக்கு அப்போதுதான் அது ஞாபகம் வந்தது. காலையில்தான் அந்தப் பலகைகளைப் பெருமையாகப் போட்டோ எடுத்து ஆபீசரம்மாவுக்கு அனுப்பியிருந்தாள்.

“அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?”

“கேட்டா நீங்க யோசிச்சு முடிக்கவே சாயங்காலம் ஆயிடும்.”

பலகை நகர முடியாது என்றால் கரிதான் நகர வேண்டும். இருவரும் கூடையை எடுத்தார்கள். இடது பாத்தியில் வாரி, நடு வரப்பின் மேல் ஏறி, வலது பாத்தியில் கொட்டினார்கள். எண்ணி முப்பது நடை. உமிக்கரி பஞ்சு மாதிரி, பாதி கூடையில் இருந்தால் பாதி காற்றில் பறக்கிறது. வலது பாத்தி கறுத்தது. ஆனால் இடது பாத்தி வெளுக்கவில்லை. இரண்டுமே சாம்பல் பூனை நிறத்தில் கிடந்தன. வரப்பும் கறுத்தது. அவசரமோ நெற்றியிலிருந்து முழங்கை வரை கறுத்துவிட்டாள்.

“முகத்துல கரியைப் பூசிட்டியேன்னு நாளைக்கு யாரும் என்னைத் திட்ட முடியாது” என்றாள். “நானே பூசிக்கிட்டேன்.”

“மூக்கு மட்டும் பாக்கி இருக்கு” என்றான் புருஷன். அவளும் விடாமல் கையில் இருந்ததை அவன் மூக்கில் தடவினாள். நேரம் இரண்டு மணி. அந்த நிலையிலும் இருவரும் சிரித்தார்கள்.

அடுத்த யோசனை புருஷனுடையது. “இடது பாத்தியில தண்ணி விட்டு அலசிடுவோம். கரி மிதக்கும். வாரிடலாம்.”

வாய்க்காலைத் திறந்தார்கள். கரி நன்றாகவே மிதந்தது. ஆனால் முப்பது நடை மிதிபட்ட வரப்பு தண்ணீரைக் கண்டதும் பொதுக்கென்று உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் கரியைத் தூக்கிக்கொண்டு வலது பாத்திக்குப் போய், அங்கே இடமில்லை என்று மறுபடி இடது பாத்திக்கே வந்தது. வெகுநாள் பிரிந்திருந்த சொந்தக்காரர்கள் மாதிரி இரண்டு பாத்திகளும் கலந்து உறவாடின.

“அமுக்குங்க” என்று கத்தினாள் அவசரம். “இந்தப் பக்கம் கரி வெளிய தெரியாம அமுக்குங்க. அந்தப் பக்கம் மிதந்து போயிடாம அமுக்குங்க.”

“ரெண்டு பக்கமும் ஒரே வேலைதானேடி?”

“ஒரே வேலைதான். காரணம் வேற.”

மண்வெட்டியால் புரட்டினார்கள், காலால் மிதித்தார்கள், விழுந்தார்கள், எழுந்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் உடைந்த வரப்புக்கு அந்தப் பக்கம் குடை பிடித்தபடி நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். சூளைக்காரர் பெண்டாட்டி. வெள்ளையும் சொள்ளையுமாக, கையில் ஒரு காகித உறையோடு.

சூளைக்காரருக்காக வயலை அளந்து பார்க்க வந்துவிட்டாள் என்றே அவசரம் நினைத்தாள்.

“அண்ணி, கண்ணுக்கு மை வைக்கிறதுன்னா இவ்வளவா வைப்பாங்க?” என்றாள் நாத்தனார்.

“வா. நீயும் வேடிக்கை பார்க்க வந்துட்டியா?”

“ஆபீசரம்மா வரச் சொன்னாங்க” என்றாள் அவள். சிரித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பு அவசரத்துக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

மூன்று மணிக்கு ஆபீசரம்மா வந்தார். வயலைப் பார்த்தார். சேறும் கரியுமாய் நின்ற இரண்டு பேரைப் பார்த்தார். இரும்புக் குழாயை இடது பாத்தியில் இறக்கி மண்ணை எடுத்தார். வலது பாத்தியிலும் எடுத்தார். இரண்டையும் உள்ளங்கையில் உடைத்து மாறி மாறிப் பார்த்தார்.

அவசரத்தால் பொறுக்க முடியவில்லை. சோத்துக்கையில் ஆரம்பித்து அமுக்கினது வரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். “தப்பு என்னுதுதான் மேடம். பேரை மட்டும் எடுத்துடாதீங்க. இந்த மண்ணு செங்கல்லா போயிடும் மேடம்.”

ஆபீசரம்மா நிமிர்ந்தார். “ஒரு சாண் ஆழத்துக்கு இறங்கியிருக்கு. ரெண்டு பாத்தியிலயும் ஒரே அளவா. போன இடத்துல எல்லாம் மேலாப்புல தூவிட்டு விட்டுட்டாங்க, முதல் தண்ணியிலயே மிதந்து போயிடுச்சு. இருபது மூட்டையை முழு வயலுக்கும் இப்படிக் கலக்கத்தான் சொல்ல வந்தேன். அதுக்குள்ள நீங்க போனை வச்சுட்டீங்க. காலையில பலகை போட்டோவைப் பார்த்ததும் நேர்லயே சொல்லிக்கலாம்னு வந்தேன். உங்க பேரை முதல்ல எழுதறேன்.”

“முழு வயலுக்குமா?” என்றான் புருஷன், கரி மூக்கோடு.

அவசரத்துக்கு மகிழ்ச்சிகூடத் தாமதமாகத்தான் வந்தது. “அப்போ சும்மா வயல் எது மேடம்?”

ஆபீசரம்மா நாத்தனாரைக் கை காட்டினார். நாத்தனார் குடையை மடக்கிவிட்டு, உறையில் இருந்த காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

“எங்களுதுதான் அண்ணி. என் பேர்ல இருக்கிற அந்த ஒரு வயலையும் நாளைக்கு வெட்டிச் சூளையில போடறேன்னு நின்னாரு எங்க வீட்டுக்காரரு. அதைச் சும்மா வயலா விடறேன்னு காலையிலேயே கையெழுத்துப் போட்டுட்டேன், இனி அஞ்சு வருஷத்துக்கு ரெண்டு வீட்டு மண்ணையும் தொட முடியாது.”

அவ்வளவுதான் கண்ணுகளா. கேட்ட உங்கள் வீட்டில் உலை ஓயாமல் கொதிக்கட்டும். போட்டது தங்கட்டும், தங்கினது விளையட்டும். அவசரப்படுகிறவர்களும் ஆற அமர இருக்கிறவர்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்து, எந்தக் கையால் சாப்பிட்டாலும் வயிறு நிறையச் சாப்பிட்டு நன்றாக இருங்கள்.