ஆணி டின்னுக்குள் ஆறு ஜெர்மேனியம்

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் வத்தளைப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று கொட்டாஞ்சேனை நோபேட் சபதம் எடுத்து மூன்று மாதமாகிறது. வத்தளையில் மனைவி நேசத்தின் அக்கா ஐறீன் இருக்கிறார். அவர் வாயைத் திறந்தால் கடைசி பஸ் போன பிறகுதான் மூடுவார்.

சபதத்தைக் காப்பாற்றியது நேசத்தின் அப்பா விட்டுப்போன பழைய றேடியோ. அது ஊமையானதும், "ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் செத்துப்போச்சு. இப்ப லேசில கிடைக்காத சாமான். தேடித்தான் பிடிக்கவேணும்" என்றார் நோபேட். அன்று முதல் ஞாயிறுதோறும் புறக்கோட்டைக் கடைத்தெருவுக்குத் தேடப் போனார். உண்மையில் போனது கூட்டாளி பீற்றர் வீட்டுக்குக் கரம்போட் விளையாட.

ஒன்லைனில் இரண்டுமுறை வாங்கி ஏமாந்தது மெய்தான். ஆனால் பாஹிமின் பழைய ரிப்பேர் கடையில் ஆறு அசல் கிடைத்ததைப் பற்றி மட்டும் அவர் மூச்சு விடவில்லை. ஆணி டின்னின் அடியில் ஒளித்து, தினமும் எடுத்துப் பார்த்துக் கொஞ்சிக்கொண்டிருந்தார்.

ஒரு காலை நேசம் ஒரு கடதாசிப் பொட்டலத்தோடு வந்தாள்.

"இஞ்சேருங்கோ, ஜெர்மேனியமாம்."

நோபேட் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "ஆர் தந்தது?"

"ஆர் தந்தாலென்ன? அளந்து பாருங்கோ."

"நம்பேலாது. இப்ப வாறதெல்லாம் சிலிக்கன். பெயின்ற் அடிச்சு, பழைய நம்பரை எழுதி விக்கிறாங்கள்."

"அசலெண்டால் மீற்றரில புள்ளி ரெண்டு, சிலிக்கனெண்டால் புள்ளி ஆறு. மூண்டு மாசமா நீங்கள்தானே ஓதுறீங்கள்?"

வேறு வழியில்லை. மீற்றரை வைத்தார். புள்ளி இரண்டு! அசல்! மகிழ்ச்சி பொங்குவதற்குள் வத்தளை ஐறீனின் குரல் காதில் ஒலிப்பதுபோல் இருந்தது. மீற்றரைச் சட்டென்று தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"புள்ளி ஆறு. படு போலி. பாவம், உன்னை ஆரோ நல்லா ஏமாத்திப்போட்டான்."

"அப்பிடியே?" நேசம் பெருமூச்சு விட்டாள். "அப்ப மற்ற அஞ்சும் போலிதான்."

"எந்த அஞ்சு?"

"உங்கட ஆணி டின்னுக்க கிடந்த அஞ்சு. இதுவும் அதுக்க எடுத்ததுதான். குப்பை லொறி வாசலில நிக்குது, போட்டிட்டு வாறன்."

அவள் படியிறங்கவே தொடங்கிவிட்டாள். நோபேட் இடுப்புச் சாரத்தைப் பிடித்தபடி பின்னால் ஓடினார்.

"ஐயோ நேசம், போடாதையடி! அசல்! ஆறும் அசல்!"

"அப்ப இண்டைக்கே றேடியோவில பூட்டுங்கோ."

மத்தியானம் றேடியோ கணீரென்று பாடியது. நோபேட் செத்தவீட்டில் இருப்பவர்போல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். மிச்சம் ஐந்துமாவது தப்பியதே என்பதுதான் ஒரே ஆறுதல்.

"நேசம், அந்த அஞ்சையும் எங்க வச்சிருக்கிறாய்?"

"என்ர ஹான்ட்பேக்குக்க பத்திரமா இருக்கு. ஐறீன் அக்கா வீட்டிலயும் அஞ்சு பழைய றேடியோ பாடாமக் கிடக்குதாம். ஒரு ஞாயிறுக்கு ஒண்டெண்டு அஞ்சு ஞாயிறும் வந்து பூட்டித் தருவீங்கள் எண்டு சொல்லிப்போட்டன்."