மலேரியாக் கிருமி குணசீலன் செய்த சம்பந்தம்

ஒரு காட்டில் வாலப்பன் என்று ஒரு குரங்கு இருந்தது. அதன் ரத்தத்தில் குணசீலன் என்று ஒரு மலேரியாக் கிருமி குடியிருந்தது. இந்தக் கதையில் குரங்குக்குப் பெரிய வேலை கிடையாது. வீடாக இருந்தால் போதும்.

குணசீலன் பரம சாது. மற்ற கிருமிகள் சிவப்பணுவுக்குள் நுழைந்து, உள்ளே இருப்பதைத் தின்று, பிள்ளை பெற்று, அணுவை உடைத்துக்கொண்டு கும்பலாக வெளியே வரும். குணசீலனும் அதைத்தான் செய்தாக வேண்டும், பிறவி அப்படி. ஆனால் அளவோடு செய்தது. காய்ச்சலைக் கிளப்புவதற்கு முன்னால் குரங்கிடம் முன்னறிவிப்புப் படிவம் ஒன்றை நீட்டும்.

"ஐயா, வர்ற செவ்வாய்க்கிழமை சாயங்காலம் லேசா ஒரு நடுக்கம் இருக்கும். உங்களுக்குத் தோதுப்படுமா?"

"செவ்வாய் வேண்டாம்ப்பா, அன்னிக்கு அத்திப்பழம் பறிக்கப் போறேன். வியாழக்கிழமை வெச்சுக்க."

நடுக்கம் வியாழனுக்கு மாறும்.

"வீட்டுக்காரர் நல்லா இருந்தாத்தான் நாம நல்லா இருக்க முடியும்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தது குணசீலன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் குரங்கு என்றைக்காவது சாகும். அதற்குள் பிள்ளைகள் அடுத்த குரங்குக்குப் போகாவிட்டால் வம்சம் அத்தோடு சரி. அதற்கு இருந்த ஒரே வண்டி கொசு. கொசு உறிஞ்சும் சொட்டு ரத்தத்தில் ஏறி, அதன் வயிற்றுக்குள் கல்யாணம் முடித்தால், அங்கே பிறக்கும் பேரப்பிள்ளைகள் அடுத்த குரங்கில் இறங்கலாம்.

ஆகவே குணசீலன் கல்யாண வயசுப் பிள்ளைகளுக்குத் தலைவாரிவிட்டு, டோக்கன் கொடுத்து, தோலடியில் வரிசையாக நிற்க வைத்தது. கொசு வந்து உட்காரும். நல்ல தெம்போடு இருந்த வாலப்பன் பட்டென்று ஓர் அடி போடும். வண்டி ரத்து. ஒரு வாரம், பத்து நாள் நின்றால் அந்தப் பிள்ளைகளுக்கு ஆயுசு முடிந்துவிடும். இப்படி நான்கு வரிசைப் பிள்ளைகள் டோக்கனும் கையுமாகச் செத்தன. குணசீலன் அழுதது, பிறகு வாலப்பனிடம் போய், கை வலிக்கிறதா என்று விசாரித்தது. இப்படிப்பட்டவர்களை என்ன செய்வது?

அந்த நேரம் பார்த்து, அடிக்குத் தப்பிய ஒரு கொசு தங்கப்பனை இறக்கிவிட்டுப் போனது. தங்கப்பனும் மலேரியாக் கிருமிதான். ஆனால் படிவமாவது, முன்னறிவிப்பாவது! கண்ணில் பட்ட சிவப்பணுவையெல்லாம் உடைத்துத் தள்ளியது. ஒன்று நூறாகி, நூறு லட்சமாகி, வாலப்பன் பல் கிட்டிப்போய் மரத்தடியில் சாய்ந்தது.

"தம்பி, குடியிருக்கிற வீடு. கொஞ்சம் பார்த்து..." என்றது குணசீலன்.

"அண்ணே, நான் விட்டுவெச்சா நீங்க தின்னுடுவீங்க. நீங்க விட்டுவெச்சா மூணாவதா ஒருத்தன் வந்து தின்னுட்டுப் போவான். எதுக்கு வம்பு?" என்றது தங்கப்பன், வாயில் அணுவோடு.

குணசீலன் முறைப்படி நடக்கிற ஆள். வெள்ளையணுக்களின் காவல் நிலையத்துக்குப் போனது. காவலர் புகார்ப் படிவம் கொடுத்தார். முதல் பக்கம் முழுக்கப் புகார் கொடுப்பவரின் அடையாளம்: சட்டை நிறம், பித்தான் எத்தனை, மச்சம் எங்கே. குணசீலன் ஒன்றுவிடாமல் நிரப்பியது. தங்கப்பனைப் பற்றி எழுத வேண்டிய இரண்டாம் பக்கத்துக்கு வருவதற்குள் பேனாவில் மை தீர்ந்துவிட்டது.

மறுநாளிலிருந்து அதே சட்டை போட்டவர்களைக் காவலர்கள் தேடித் தேடி அடித்தார்கள். தங்கப்பன் கூட்டம் வாரம் ஒரு சட்டை மாற்றிக்கொண்டு ஜோராகத் திரிந்தது.

"ஐயா, நான் புகார் குடுத்தவன்!" என்று கத்தியது குணசீலன்.

"தெரியும்யா. அதனாலதான உன்னை அடையாளம் தெரியுது" என்று இன்னும் இரண்டு போட்டார் காவலர்.

குடும்பத்தில் மிஞ்சியது குணசீலனும் சாந்தரூபி என்ற ஒரே மகளும்தான்.

வெளியே திருவிழாக் கூட்டம். வாலப்பனால் கையைத் தூக்க முடியவில்லை என்று தெரிந்ததும் கொசுக்கள் குடும்பத்தோடு வந்து பந்தியில் உட்கார்ந்தன. தங்கப்பன் பிள்ளைகள் கும்பல் கும்பலாக வண்டி ஏறின. சாந்தரூபிக்கும் இடம் கிடைக்கும். ஆனால் கொசு வயிற்றில் மாப்பிள்ளை? சொந்தத்தில் ஒரு பையன்கூட உயிரோடு இல்லை. குணசீலன் இரண்டு நாள் சாப்பிடாமல் யோசித்தது. மூன்றாம் நாள் தங்கப்பன் வாசலில் போய் நின்றது.

"தம்பி... உங்க வீட்டுப் பையன் யாராவது..."

"அட, இதுக்கா இந்த இழுப்பு? ஆயிரம் பேர் நிக்கறானுங்க. பொண்ணு எவனைக் காட்டுதோ அவன்தான். உள்ள வாங்க சம்பந்தி!"

"அப்பா, அவங்க எல்லாரும் முரடங்களாச்சே" என்று சாந்தரூபி கண் கலங்கியது.

"நீ போய்ப் பக்குவமா மாத்திடலாம்மா" என்று சொல்லி வண்டி ஏற்றிவிட்டது குணசீலன்.

இருபது நாள் கழித்து ஒரு கொசு சேதி கொண்டுவந்தது. "பேரன் பொறந்து, ஆத்துக்கு அந்தப் பக்கத்துக் குரங்குல இறங்கியாச்சு. உங்க பேரைத்தான் வெச்சிருக்காங்க."

"குணசீலன்னா? எப்படி இருக்கான்? என்னை மாதிரி சாதுவா?"

"சாதுவா? காய்ச்சல் கண்ட மூணாம் நாளே குரங்கு அவுட்டு. தங்கப்பன் பசங்களே அவனைக் கண்டா ஒதுங்கிப் போறாங்க."

நியாயமாகப் பார்த்தால் குணசீலனுக்கு நெஞ்சு வெடித்திருக்க வேண்டும். வெடிக்கத்தான் பார்த்தது, பெருமையில். யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போலிருந்தது. நேரே குரங்கின் காதுப்பக்கம் ஓடியது.

"ஐயா, என் பேரன் ஒரு முழுக் குரங்கையே சாச்சுட்டான்!"

வாலப்பன் கஷ்டப்பட்டுக் கண்ணைத் திறந்தது. "யாரு, குணசீலனா? ரொம்ப சந்தோஷம்ப்பா. உன் நல்ல மனசுக்கு..." என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே செத்துப்போனது.

நீதி: நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் நல்லவராக இருந்துகொள்ளுங்கள். சம்பந்தத்தை மட்டும் பொல்லாத இடத்தில் செய்யுங்கள்.