கழிவு போக என் எடை

கீழ்வேளூர்,
அக்டோபர் 22, செவ்வாய்.

அன்பு மச்சான் இப்ராஹிமுக்கு, அப்துல் மஜீது எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். குவைத்தில் வெயில் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இறைவன் அருளால் இங்கே உன் அக்கா கமருன்னிஸாவும் நானும் நலம். ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது, சம்பா நடவு முடிந்துவிட்டது.

முதலில் உறுதியான செய்தி. இன்று காலை டாக்டர் அம்மா எனக்குக் கையெழுத்துப் போடவில்லை. என் எடை தொண்ணூற்றேழரை கிலோ. ஆதாரம், நாகப்பட்டினத்தில் அவர்கள் அறையில் இருக்கும் தராசு. அதை நானும் உன் அக்காவும் அந்த அம்மாவும் ஒரே சமயத்தில் பார்த்தோம், யாரும் மறுக்கவில்லை. தொண்ணூறுக்கு இறங்கினால்தான் கையெழுத்து என்பது பேச்சு. போன வாரம் வாட்சப்பில் நான் உனக்கு அனுப்பிய ‘தொண்ணூற்றொன்று’ என்ற தகவல் தவறானது, அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தவறு எப்படி நேர்ந்தது என்பது கைபேசியில் அடங்காது என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன்.

ஹஜ்ஜுக்குப் போக வேண்டும் என்று உன் அக்கா எத்தனை காலமாகக் கேட்கிறாள் என்பது உனக்குத் தெரியும். நான் நிருபராக இருந்தவரை தேர்தல், வெள்ளம், போராட்டம் என்று தள்ளிக்கொண்டே போனது. ஓய்வு பெற்றபின் தள்ளக் காரணம் இல்லை, ஆனால் முட்டி இருந்தது. இந்த உடம்போடு அங்கே அவ்வளவு தூரம் நடந்தால் முட்டி தாங்காது என்று டாக்டர் அம்மா சொல்லிவிட்டார்கள். அவர்கள் சரியென்று எழுதித் தந்தால்தான் மனுப் போடுவது என்று நானே வீட்டில் அறிவித்தேன். அதற்குத்தான் நீ கியர் வைத்த சைக்கிளும் மஞ்சள் ஹெல்மெட்டும் வாங்கி அனுப்பினாய். உன் அக்கா அன்றே வீட்டில் வெள்ளைச் சோற்றை நிறுத்தினாள். வரகுக் கஞ்சி, வெள்ளரிக்காய், வேகவைத்த சுண்டல், சாயங்காலம் சீனி இல்லாத டீ. எண்ணெயில் பொரிக்கிற இறால் வாடாவின் பெயரைக்கூடச் சொல்லக்கூடாது. ஒரு வீட்டில் இரண்டு சமையல் எதற்கு என்று அவளும் அதையேதான் சாப்பிட்டாள்.

சைக்கிளில் ஆற்றுக்கரை வழியாக நடுவாய்க்கால் தெரு வரை போய்வருவது என்று முடிவுசெய்தேன். லாரி வராத பாதை. அந்தத் தெருக்காரர்கள்தான் தங்கள் வயலில் எரிவாயுக் குழாய் பதிக்க வந்த கம்பெனிக்காரர்களை நட்ட பயிருக்குள் இறங்கி மறித்தார்கள். ஓய்வுக்கு முன் நான் கடைசியாக எழுதிய செய்தி அது. அதனால் என்னைத் தெரியும் என்று நினைத்துவிட்டேன். ஹெல்மெட் போட்ட என்னை யாருக்கும் தெரியவில்லை. களை பறித்துக்கொண்டிருந்த அம்சம் என்கிற அம்மா வரப்பில் ஏறி வந்து ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டார்.

“தலையில மஞ்சச் சட்டி, முன்னாடி மெஷினு. இதுவரைக்கும் எவ்வளவு அளந்த?”

“அளக்க வரலம்மா. ஒடம்பு குறையறதுக்காக ஓட்டுறேன்.”

அவருக்குப் பின்னால் வந்த பொன்னுத்தாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஒடம்பு குறைய எங்க வயலுக்கு ஏன் வர்றீங்க? எறங்கி நாலு குழி களை பறிங்க, தானா குறையும்.”

அந்த நேரம் பார்த்து, ஹேண்டில் பாரில் மாட்டியிருந்த கைபேசியில் உன் மகன் போட்டுக்கொடுத்த பெண் குரல், ஒரு கிலோமீட்டர் முடிந்ததாக ஆங்கிலத்தில் அறிவித்தது.

“பாருடி, அளந்து சொல்லுது” என்றார் அம்சம்.

விவசாயச் சங்கத்துக்காரர் சாமிதுரை வந்து ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். “அட, நம்ம மஜீது பாய். விடுங்க, விடுங்க, நம்ம சேதியப் பேப்பர்ல போட்டவரு” என்றார். அம்சத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. “தப்பா நெனச்சுட்டோம் பாய். கை நனைச்சுட்டுத்தான் போகணும். மீனுதான், ஆட்டுக்கறியெல்லாம் இல்ல, தைரியமா சாப்பிடலாம்.” மச்சான், அந்தத் தெருவில் கூப்பிட்டும் ஒருவர் கை நனைக்காமல் போனால், பல தலைமுறையாக அதற்கு ஒரே அர்த்தம்தான். டாக்டர் வேண்டாம் என்றார் என்று சொன்னால் அந்த அர்த்தம் மாறிவிடாது. உட்கார்ந்து சாப்பிட்டேன். கெண்டை மீன் குழம்பு, இரண்டு முறை சோறு. மறுநாள் பொன்னுத்தாய் வழியில் நின்றார். “அம்சம் வீட்டுச் சோறு எறங்கும், எங்க வீட்டுச் சோறு எறங்காதோ?” என்று கேட்டார். அங்கேயும் உட்கார்ந்து சாப்பிட்டேன். அதற்கு அடுத்த வீடு, அதற்கு எதிர்வீடு என்று வரிசை ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு வீட்டை விட்டால் அந்த வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று நீயே சொல். வேறு வழியில் போயிருக்கலாமே என்று கேட்பாய். ஒரு நாள் போனேன். மறுநாள் விடிந்ததும் சாமிதுரை, நான் எடை பார்க்கும் நெல் மண்டி வாசலில் தூக்குவாளியோடு காத்திருந்தார். “என்ன பாய், எங்கமேல வருத்தமா?” என்றார். குழாய் விவகாரத்தில் புதிதாக என்ன நடந்தது என்பதையும் சோற்றோடு சேர்த்துச் சொல்கிறார்கள், ஓய்வு பெற்றவனுக்கு அதுவும் ருசிக்கிறது. திரும்பி வந்ததும் உன் அக்கா கஞ்சி வைப்பாள். அதையும் மீதி வைக்காமல் குடித்துவிடுவேன்.

இவ்வளவு சாப்பிட்டும் எடை குறைந்துகொண்டே வந்ததுதான் என்னை ஏமாற்றியது. கீழ்வேளூரில் ஆளை நிறுத்தி எடை பார்க்க நெல் மண்டித் தராசுதான் நம்பகமானது என்று, சைக்கிளில் திரும்பும்போது அங்கே ஏறி நிற்பேன். தராசின் முகம் எடை போடுகிற துரைக்கண்ணுவின் பக்கம் இருக்கும். அவர் மூட்டைக்குக் கூவுவதுபோலக் கூவுவார். தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றுமூன்று, தொண்ணூற்றொன்று. ஓட்டம் கூடக்கூட எடை இறங்குகிறது, சோற்றுக்கும் உடம்புக்கும் சம்பந்தமே இல்லை போலும் என்று நான் நம்பத் தொடங்கியிருந்தேன். இன்று நாகப்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் இறங்கியதும் நேரே மண்டிக்குப் போய் நின்றேன்.

“தொண்ணூத்தாறு” என்றார் துரைக்கண்ணு.

“டாக்டர்கிட்ட தொண்ணூத்தேழரை காட்டுச்சே.”

“அது மொத்த எடை. நான் கழிவு போகச் சொல்றேன் பாய்.”

“என்ன கழிவு?”

“சாக்குக்கு ஒரு கிலோ.”

“நான் சாக்கா துரைக்கண்ணு?”

“கைலி, சட்டை, பெல்ட்டு எல்லாம் இருக்குல்ல. அப்புறம் ஈரத்துக்கு. இன்னிக்குப் பஸ்ல காஞ்சு வந்திருக்கீங்க, அரைக் கிலோதான் கழிச்சேன். சைக்கிள்ல வந்தா சொட்டச் சொட்ட வருவீங்க. போன வாரம் ஈரத்துக்கு மட்டும் அஞ்சரை கழிச்சேன். பச்சை நெல்லுக்கு வேற எப்படிப் போடுறது?”

அவர்மீது குறை சொல்ல இடமில்லை. மண்டியில் யாருக்கும் மொத்த எடை சொல்லிப் பழக்கமில்லை. நான் எவ்வளவு வேகமாக மிதித்தேனோ அவ்வளவு வியர்வை, வியர்வைக்கு ஏற்ற கழிவு. ஆரம்பத்தில் தொண்ணூற்றெட்டு இருந்தேன். ஆக, உண்மையில் இறங்கியது அரைக் கிலோ.

இதற்கு முன்பே பஸ்ஸில் உன் அக்கா கேட்டாள். “என்னங்க, வரகுக் கஞ்சி குடிச்சு சைக்கிள் ஓட்டுனா அரைக் கிலோவா குறையும்? எங்க சாப்பிட்டீங்க?” எல்லாவற்றையும் சொன்னேன். “குழம்பு நல்லா இருந்துச்சா?” என்றாள். நன்றாக இருந்தது என்றேன். அதன்பின் கீழ்வேளூர் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலை. ஹஜ் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இனி நிலுவையில் உள்ளவை. டாக்டர் அம்மா நவம்பர் பதினைந்தாம் தேதி மறுபடி வரச்சொல்லியிருக்கிறார்கள். தொண்ணூறு என்ற அளவில் மாற்றம் இல்லை. எனக்கு யாரும் சோறு போடக்கூடாது என்று தெருவில் சொல்லும்படி சாமிதுரையைப் போனில் கேட்டிருக்கிறேன். தனியாகச் சொன்னால் மனசு கஷ்டப்படும், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் குழாய்க்கு அடுத்து இதையும் தீர்மானமாகப் போட்டுவிடலாம் என்கிறார். முடிவு ஞாயிறு மாலை தெரியும்.

உனக்கும் ஹலீமாவுக்கும் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் குறையில்லாத ஆயுளையும் குறைவான எடையையும் தரட்டும்.

உன் மச்சான்,
அப்துல் மஜீது

பின்குறிப்பு: தம்பி, நான் அக்கா எழுதுறேன். கவரை ஒட்டறதுக்கு முன்னாடி வாங்கிப் படிச்சேன். ஒரு சேதி உன் மச்சானுக்கு விட்டுப்போச்சு. டாக்டரம்மா என்னையும் எடை பாத்தாங்க. அவருக்கு வச்ச கஞ்சியைக் குடிச்சு நான் ஒன்பது கிலோ குறைஞ்சிருக்கேன். எனக்கு அங்கேயே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க. நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல நாலு பொம்பளைங்க சேர்ந்தா ஆம்பளைத் துணை இல்லாமலே ஹஜ்ஜுக்கு மனுப் போடலாம்னு இப்ப வந்திருக்கு. ஜன்னத் பீவி மாமி, அவங்க தங்கச்சி, நான், மூணு பேர் ஆச்சு. நாலாவது, இங்க ஊர்ல இருக்குற உன் வீட்டுக்காரி ஹலீமா. கேட்டுட்டேன், சந்தோஷமா வர்றேன்னா, உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணுமாம். உன் மச்சான் சாப்பாட்டைப் பத்திக் கவலைப்படாதே, அம்சத்துக்கிட்டப் போன்ல பேசிட்டேன். நாங்க திரும்பி வர்ற வரைக்கும் நீ உன் சாப்பாட்டுக்கு என்ன பண்றேன்னு யோசிச்சுக்க, அவ வருஷா வருஷம் அனுப்புற பொடி, ஊறுகாய் எதுவும் வராது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சதும் மனு குடுக்கப் போறோம். இந்தக் கடிதம் அதுக்குள்ள வராதுன்னு போட்டோ எடுத்து வாட்சப்புல அனுப்பிடுறேன். உன் பதில் ஒண்ணுதான் பாக்கி.