எங்கள் வம்சத்தில் அதெல்லாம் கிடையாது

மனிதர்களில் வம்சப் பெருமைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. அழிந்துவருகிறதோ என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். பேருந்தில் பக்கத்து இருக்கையில், அலுவலகத்தில் எதிர் மேசையில், கல்யாண வீட்டில் முதல் வரிசை நாற்காலியில் செழிப்பாகத்தான் இருக்கிறது. பிறந்து இரண்டு மணி நேரமான குழந்தையைக் கையில் கொடுத்தால், ஆணா பெண்ணா என்று கேட்பதற்கு முன்பே காதைத் திருப்பிப் பார்த்து, "எங்க அப்பா காது, அச்சு அசல்!" என்று உரிமை கொண்டாடிவிடுவார். அதே குழந்தை வளர்ந்து கணக்கில் முதல் மதிப்பெண் வாங்கினால் அது ரத்தம், பாட்டுப் போட்டியில் ஜெயித்தால் அது ரத்தம், மாடிப்படியில் தடுக்கி விழாமல் இறங்கினால்கூட அது ரத்தம். கணக்கில் தேறவில்லையா? அம்மா பக்கம்.

இவருடைய மரபியலில் நல்லதெல்லாம் உள்ளிருந்து வரும், கெட்டதெல்லாம் வெளியிலிருந்து வரும். இவர் குடும்பத்தில் யாரும் நோய் வந்து சாவதில்லை. செத்தவர்கள் அத்தனை பேரும் யாரோ செய்த அநியாயத்தால் செத்தவர்கள்.

இந்த இனத்தில் ஒருவரைக் கிட்டத்தில் பார்ப்போம். நில அளவையாளர், ஐம்பத்தாறு வயது. பெரிய மனிதர் வீட்டுச் சுவர் பக்கத்து மனைக்குள் ஒரு சாண் நுழைந்திருந்தாலும், யாருக்கும் பயப்படாமல் உள்ளதை உள்ளபடி வரைபடத்தில் போடுகிறவர் என்று ஊரில் பெயர். மூன்று மாதத்துக்கு முன் இவருடைய பெருங்குடலிலிருந்து புற்றுநோய்க் கட்டி ஒன்றை வெட்டி எடுத்தார்கள். பயந்தார், அழுதார், பிழைத்தார். வீடு திரும்பிய மறுநாளே காரணத்தையும் கண்டுபிடித்துவிட்டார். அலுவலகக் கேன்டீன் எண்ணெய்.

அந்தக் கண்டுபிடிப்பு மருத்துவமனைக்குப் போதவில்லை போலிருக்கிறது. மரபணு ஆலோசனைக்கு வரச் சொன்னார்கள். மனைவியையும் இருபத்தொன்பது வயது மகளையும் கூட்டிக்கொண்டு போனார். ஜன்னல் இல்லாத சின்ன அறை. இளம் பெண் மருத்துவர் ஒருவர் மேசையில் பெரிய வெள்ளைத் தாளை விரித்து, "உங்க குடும்பத்தைப் பத்தி விவரமா சொல்லுங்க சார்" என்றார்.

ஆகா! இதுவரை யாரும் இவரிடம் இதைக் கேட்டதில்லை. கேட்காமலே சொல்லித்தான் இவருக்குப் பழக்கம். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

தாளில் ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், புற்றுநோய் வந்தவர்களைக் கறுப்பாக்க வேண்டும். "உங்களைத் தவிர இன்னும் ரெண்டு பேருக்குக் குடல்ல வந்திருந்தா, உங்க பொண்ணுக்கு இப்பவே சோதனை பண்ணிடணும். இல்லன்னா அவசரமில்ல. வயசு ஆனப்புறம் பாத்துக்கலாம்" என்றார் மருத்துவர். "பெரியப்பாலேருந்து ஆரம்பிக்கலாமா?"

"சிங்கம்! நாற்பத்தேழு வயசுல போயிட்டாரு. அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வை இன்னொருத்தனுக்குக் குடுத்துட்டாங்க. மனசு விட்டுட்டாரு."

"மனசு விடறதுக்கு முன்னாடி வயித்துல ஏதாவது?"

"ஒரு ஆபரேஷன் பண்ணாங்க. அது தனி."

"அத்தை?"

"மாமியார் படுத்தின பாடு, டாக்டரம்மா. சாப்பிட முடியாம உருகி உருகி ஐம்பத்திரண்டுல போனாங்க."

"தாத்தா?"

"அவருக்கு ஒரு நோயும் கிடையாது. கொஞ்ச நாள் ரத்தம் போச்சு. உக்காந்தே வேலை பாக்குற மனுஷனுக்கு மூலம் இருக்கத்தானே செய்யும்?"

அரை மணி நேரத்தில் தாள் நிரம்பியது. மூன்று தலைமுறையும் சலவைக்குப் போட்டு எடுத்ததுபோல் வெள்ளையாக இருந்தது. நடுவில் கறுப்பாக இவர் ஒருவர்தான்.

"அப்ப எனக்கு மட்டும் ஏன் டாக்டரம்மா?"

"செல் பெருகும்போது மரபணுவைப் பிரதி எடுக்கும், அதுல தப்பு விழும். தப்பைத் திருத்தவும் மரபணுக்கள் இருக்கு. அதுல ஒண்ணு பழுதா இருந்தா தப்பு சேந்துகிட்டே போகும். அந்தப் பழுது அப்பாகிட்டயிருந்தோ அம்மாகிட்டயிருந்தோ வரலாம்."

நில அளவையாளரின் பார்வை, பழக்கதோஷம், மெல்ல மனைவி பக்கம் நகர்ந்தது.

"என் வீட்டு மரபணு உங்க குடலுக்குள்ள எப்படிங்க வரும்?" என்றாள் மனைவி.

மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தொடர்ந்தார். "இன்னொண்ணும் இருக்கு. ஒவ்வொரு செல்லும் தனக்குள்ள கெட்டுப்போனதையெல்லாம் தானே அரைச்சு, அதிலேருந்து வேண்டியதைத் திரும்ப எடுத்துக்கும். குப்பையையும் வீணாக்காது."

இவர் முகம் மலர்ந்தது. "எங்க குடும்பம்! எங்க அப்பா ஒரு ஆணியைக்கூடத் தூக்கிப் போடமாட்டாரு."

"நல்ல பழக்கம்தான் சார். ஆரம்பத்துல அதுதான் நம்மளைப் புத்துநோய்லேருந்து காப்பாத்துது. ஆனா கட்டின்னு ஒண்ணு வளந்துட்டா, அதுவும் இதே வேலையைச் செய்யும். சாப்பாடு கிடைக்கலன்னாலும், மருந்தால அடிச்சாலும், தன் குப்பையையே தின்னு உயிரோட இருக்கப் பாக்கும்."

"அந்தத் திருட்டுப் பயலுக்கு இதை யார் சொல்லிக்குடுத்தா?"

"யாரும் சொல்லிக்குடுக்கல. அது வெளியாள் இல்ல சார். உங்க செல்தான்."

கட்டிக்குக்கூட வம்சத்தில் பங்கு உண்டு என்று யாரும் இவரிடம் சொன்னதில்லை.

"சரி, குடும்பத்துல வேற யாருக்கும் இல்ல" என்று மருத்துவர் தாளை மடித்தார். "உங்க பொண்ணு இப்போதைக்கு நிம்மதியா இருக்கலாம்."

மகள் எழுந்து பையை மாட்டிக்கொண்டு, அம்மாவின் காதோடு சொன்னாள்: "அப்பாடா! எனக்கும் ரெண்டு மாசமா வயிறு ஒரு மாதிரியா இருக்கேன்னு உள்ளுக்குள்ள பயம். ஒண்ணுமில்ல, எங்க ஆபீஸ் தண்ணிதான் சரியில்ல."

அது அப்பாவின் காதிலும் விழுந்தது. பெரியப்பாவும் முதலில் தண்ணீரைத்தான் குறை சொன்னார். இவர் மடித்த தாளின் மேல் கையை வைத்தார்.

"டாக்டரம்மா, அந்தத் தாளைக் கொஞ்சம் விரிங்க."

மருத்துவர் விரித்தார். செத்தவர்களின் துணியை நடுத்தெருவில் உருவுகிற கூச்சத்தோடு, இவர் தலை நிமிராமல் சொன்னார்: "பெரியப்பாவுக்குக் குடல்ல கட்டி. அப்ப அக்காவுக்கு மாப்பிள்ளை பாத்துகிட்டிருந்தாங்க. வெளிய தெரிஞ்சா சம்பந்தம் தட்டிப்போகும்னு மறைச்சோம். பதவி உயர்வுக் கதையை நான்தான் கட்டினேன். அத்தைக்கும் அதேதான். அவங்க மாமியார் பாவம், ஒரு தப்பும் பண்ணல. கடைசி வரைக்கும் பக்கத்துல உக்காந்து ஊட்டிவிட்டது அந்த அம்மாதான்." தாத்தாவின் கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். "தாத்தாவுக்கு என்னன்னு சத்தியமா தெரியாது. நாங்க யாரும் கேக்கல."

மருத்துவர் ஒரு கட்டத்தையும் ஒரு வட்டத்தையும் கறுப்பாக்கினார். தாத்தாவின் கட்டத்தில் கேள்விக்குறி போட்டார். மகள் பையைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

அந்த வாரமே மகளுக்குச் சோதனை நடந்தது. மரபணுவில் பழுது இருந்தது. குடலில் பட்டாணி அளவில் இரண்டு முளைகள் இருந்தன. புற்றாக மாறுவதற்குள் கிள்ளி எடுத்துவிட்டார்கள். இனி வருடா வருடம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

நம்மவர் திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்களா? போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் முதல் வரிசையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்க பொண்ணு முளையிலேயே கண்டுபிடிச்சுட்டா. அந்தச் சாமர்த்தியம் எங்க ரத்தத்துலயே உண்டு!"

சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். சிரித்து முடித்த பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து உங்கள் குடும்பத்துக்கும் கட்டமும் வட்டமும் போட்டுப் பாருங்கள். யாராவது ஒருவருக்கு நேராக, "வயசாயிடுச்சு, போயிட்டார்" என்று எழுதப் பேனா தானாக ஓடுமானால் ஒரு நிமிடம் நிறுத்தி, அவருக்கு அப்போது என்ன வயது என்று கணக்குப் போடுங்கள். நாற்பத்தொன்பது என்று வந்தால், அடுத்த அறையில் இருக்கும் உங்கள் பிள்ளையைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடுங்கள்.