குசுகுசு அண்ணனின் சைலன்சர்

குசுகுசு அண்ணனைவிட மெதுவாகப் பேசுகிற ஒருவர் சிங்கப்பூரில் இருந்தால், அவர் பேசுவது இன்னும் யார் காதிலும் விழவில்லை என்று அர்த்தம்.

புக்கிட் மேராவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் அவர் நான்காவது மாடி, நான் மூன்றாவது. அவருக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. அவரே எனக்கு இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். காதில் விழவில்லை. மூன்றாவது தடவை கேட்க வெட்கமாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டேன். சிராங்கூன் சாலைத் தோசைக்கடையில் அவர் மசாலா தோசை கேட்பார், கடைக்காரர் பூரி கொண்டுவந்து வைப்பார். அண்ணன் பூரியைச் சாப்பிட்டுவிட்டு நன்றி சொல்வார். அதுவும் கடைக்காரருக்குக் கேட்காது.

வாய்க்குக் கொடுக்காததை எல்லாம் கடவுள் அவர் காதுக்குக் கொடுத்திருந்தார். ஒரு நாள் என் வீட்டைத் தாண்டிப் போகிறவர் சட்டென்று நின்றார். "தம்பி, உங்க ஃப்ரிட்ஜ் ரொம்பக் கஷ்டப்படுது" என்றார். நான் சிரித்தேன். பத்தாவது நாள், உள்ளே ஒரு சட்டி மீன்குழம்பு இருக்கும்போது, ஃப்ரிட்ஜ் காலமானது. அதிலிருந்து என் வீட்டு ஃபேனைப் பற்றி அவர் என்ன சொன்னாலும் உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிடுகிறேன்.

அவருக்கு வேலையும் காதோடுதான். ஒரு கிளினிக்கில் ஹெட்போனை மாட்டிவிட்டு, யாருக்கு எவ்வளவு கேட்கிறது என்று சோதிக்கும் வேலை. "சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க" என்று முதலில் சொல்வாராம். அதுவே கேட்காமல், காது மொத்தமாகப் போய்விட்டது என்று கலங்கி அழுதவர்கள் உண்டு.

அண்ணி நேர்மாறு. தேக்காவில் ஒரு தையல்கடையில் ரவிக்கை தைக்கிறார். நான்காவது மாடியில் நின்று அவர் ஒரு குரல் கொடுத்தால், கீழே காப்பிக்கடையில் இருக்கும் அண்ணன் மட்டுமல்ல, கல்யாணமான எல்லா ஆண்களும் எழுந்து நிற்பார்கள். அப்படிப்பட்ட அண்ணிக்கு இரண்டு வருடமாகக் காது மந்தம். கீச்சென்ற மெல்லிய சத்தங்கள் ஒவ்வொன்றாகப் போயின. முதலில் வாசல் மணி, பிறகு போன், பிறகு குக்கர் விசில். கடைசியில் அண்ணனுடைய குசுகுசுக் குரலும் போயிற்று.

"பொண்டாட்டிக்கு நானே டெஸ்ட் பண்ணி நானே ரிப்போர்ட் எழுதினேன் தம்பி" என்று கார்பார்க்கில் ஒரு நாள் சொன்னார். இது மட்டும் எனக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

காதுக்கருவி இருக்கிறது. கடையில் அண்ணி அதை மாட்டிக்கொள்வார். வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுவார். "நாள் பூரா மாட்டினா தலை வலிக்குதுலா. வீட்டுலயாவது என் காது சும்மா கிடக்கட்டும்" என்பார். நியாயம்தான். ஆனால் ஒரு நாள் அண்ணன் வேலை முடிந்து வந்து, சமையலறையில் அண்ணியின் பின்னால் நின்று ஏதோ பிரியமாகச் சொல்லியிருக்கிறார். திருடன் என்று நினைத்த அண்ணி குழம்புக் கரண்டியால் ஒரே போடு. நெற்றியில் மூன்று தையல்.

அதன் பிறகு அண்ணி மாலை ஆறு மணி ஆனால் அடுப்பை அணைத்துவிட்டு, நாற்காலியை வாசலைப் பார்த்துப் போட்டு உட்கார ஆரம்பித்தார். அண்ணன் வரும்வரை அசைவதில்லை. யாருக்காகவும் காத்திருக்காத, டாக்ஸியையே திட்டிக்கொண்டு நடந்துபோகிற அண்ணி அப்படி உட்கார்ந்திருப்பதை அண்ணனால் தாங்க முடியவில்லை.

"மெசேஜ் அனுப்புங்கண்ணே. போன் அதிரும்ல" என்றேன்.

"மெசேஜ் வந்தா வந்துட்டேன்னு தெரியும் தம்பி. சத்தம் கேட்டாத்தான் நான்னு தெரியும்."

அண்ணிக்குப் போனது கீச்சுச் சத்தம்தான், கனத்த சத்தம் அப்படியே இருக்கிறது என்பது அண்ணன் தன் கையாலேயே எழுதிய ரிப்போர்ட்டில் இருந்தது. குப்பை லாரி வந்தால் அண்ணி முதல் ஆளாகத் திரும்பிப் பார்ப்பார். கார்பார்க்கோ அவர்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரில். ஆகவே ஃப்ரிட்ஜைப் போல முனகிக்கொண்டிருந்த தன் பழைய ஜப்பான் காருக்கு ஒரு கனத்த குரல் வாங்கித் தருவது என்று அண்ணன் முடிவு செய்தார். பேர் பெற்ற கம்பெனி சைலன்சர் எல்லாம் கட்டுப்படியாகாது. பத்து வருடம் முடிந்தால் இங்கே கார் பழைய இரும்பு, அதற்கு இன்னும் மூன்று வருடம்தான் பாக்கி. அதனால் மலிவாக, ஆனால் அரசு ஒப்புக்கொள்ளும் சான்றிதழோடு ஒன்று வேண்டும். கிராஞ்சிப் பக்கம் ஆ செங் என்பவருடைய பட்டறைக்குப் போனோம். நான் எதற்கு? மொழிபெயர்க்க. குசுகுசுவிலிருந்து சாதாரணத்துக்கு.

"பாஸ், யூ வாண்ட் லவுட், ஆர் வெரி லவுட்?" என்றார் ஆ செங்.

அண்ணன் என் காதில் சொன்னார். நான் ஆ செங்கிடம் சொன்னேன்: "சத்தம் வேண்டாமாம். கனம் வேண்டுமாம்."

இப்படி ஒரு வாடிக்கையாளரை ஆ செங் பார்த்ததில்லை. அண்ணன் அங்கே வரிசையாகக் கிடந்த சைலன்சர்களுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் விரல் மடக்கித் தட்டி, காதை வைத்துக் கேட்டார், தேக்கா மார்க்கெட்டில் தேங்காய் பார்த்து வாங்குவதைப் போல. முக்கால் மணி நேரம் கழித்து, இருப்பதிலேயே மலிவான, ஒரு பக்கம் நசுங்கிய ஒன்றை எடுத்தார். காரின் பின்பக்கத்துப் பழைய டப்பாவைக் கழற்றி இதை மாட்டினார்கள். மற்ற குழாய் எதையும் தொடவில்லை.

முதல் நாள் அவர் கார்பார்க்கில் நுழைந்தபோது இரண்டாவது மாடிக் குழந்தை அலறியது. ஏழாவது மாடியில் ஒருவர் துவைத்த துணியோடு அதைக் காயப்போடும் மூங்கிலையும் கீழே விட்டார். புளோக்கே எட்டிப் பார்ப்பதற்குள் கார் நின்று சத்தமும் அடங்கிவிட்டது. அண்ணி மட்டும் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கேட்கவில்லை. அந்தக் காரில் இருந்து வந்ததெல்லாம் கீச்சுக் குரல், கனமே இல்லை.

ஒரு வாரத்தில் லிஃப்ட் வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். எவனோ ஒரு இளவட்டம் கார்பார்க்கில் ரேஸ் ஓட்டுகிறானாம், அதைப் பேச ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பாளர் கூட்டமாம். யாருக்கும் அண்ணன் மேல் சந்தேகமே வரவில்லை. அவரோ நேர்மையின் சிகரம். கூட்டத்தில் எழுந்து நின்று, "அது என் வண்டிதாங்க. மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டார். உதடு அசைந்ததைப் பார்த்தேன்.

"சாரி அங்கிள், கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்றார் கூட்டத் தலைவி.

மறுபடியும் சொன்னார். தலைவி காதைக் குவித்தார். மூன்றாவது தடவையும் சொன்னார். "ஓகே அங்கிள், உங்க ஆதரவுக்கு நன்றி" என்று தலைவி அடுத்ததற்குப் போகப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை. பழக்கதோஷம், எழுந்து நின்று அப்படியே மொழிபெயர்த்துவிட்டேன்: "அது என் வண்டிதாங்க. மன்னிச்சுக்கோங்க."

கூட்டம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு லைசென்ஸே கிடையாது. அதை எடுத்துச் சொன்னதும் நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. இரண்டு வாரம் நான் லிஃப்டில் ஏறினால் மற்றவர்கள் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருந்தார்கள். அண்ணன் வீடு வீடாகப் போய், ஒரு தாளில் எழுதிக் காட்டி என்னை மீட்டார். இரண்டாவது மாடிக் குழந்தைக்கு ஒரு பெரிய பொம்மை வாங்கிக் கொடுத்தார். தட்டினால் சத்தம் போடாத பொம்மை.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு பழைய டப்பாவை மாட்டியிருப்பார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். அண்ணன் தலையாட்டிவிட்டு மறுநாள் கிராஞ்சிக்குப் போனார். அப்புறம் நான்கு சனிக்கிழமை போனார். ஒரு வாரம் சைலன்சருக்கு நடுவில் ஒரு சின்ன அறை வைத்துப் பற்றவைத்தார்கள். மறுவாரம் அதை நீட்டினார்கள், அதற்கடுத்த வாரம் குறைத்தார்கள். கிளினிக்கில் இருந்து தன் சத்தமானியைக் கொண்டுபோய் அண்ணன் காருக்குப் பின்னால் மண்டியிட்டிருப்பார். கடைசி சனிக்கிழமை ஆ செங் கூலியே வாங்கவில்லை. "மை மதர் ஆல்சோ கேனாட் ஹியர்லா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாராம்.

பட்டறையிலிருந்து நேராகக் காரின் கட்டாயச் சோதனைக்கு அண்ணன் பயந்துகொண்டே போனார். சத்தம் அளவுக்கு மேல் போனால் கார் சாலையில் ஓட முடியாது. சோதித்தவர் அளவைப் பார்த்தார், சான்றிதழைப் பார்த்தார், குனிந்து சைலன்சரைப் பார்த்தார். சத்தம் அளவுக்குள் நன்றாகவே அடங்கியிருந்தது. "இவ்ளோ சைலண்டா ஓட்டறதுக்கு எதுக்கு சார் மாத்தினீங்க?" என்று கேட்டாராம். அண்ணன் விவரமாகப் பதில் சொன்னாராம். அவருக்குக் கேட்டிருக்காது.

அன்று மாலை நான் மேலே போயிருந்தேன். எனக்குத்தான் பதற்றம். அண்ணி வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்து, அண்ணனையும் அவரோடு சுற்றும் என்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தார். "இருக்கற காரை நோண்டி நோண்டி, உங்க அண்ணனுக்குத்தான் புத்தி இல்ல, நீங்களாவது..." என்றவர் பாதியில் நிறுத்தினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அண்ணி தலையைக் கொஞ்சம் சாய்த்தார். இரண்டு விநாடி கழித்துத்தான், கீழே எங்கோ ஒரு பெரிய மிருகம் தூக்கத்தில் மூச்சுவிடுவதுபோல ஒரு உறுமல் எனக்குக் கேட்டது.

"வந்துட்டாரு" என்றார் அண்ணி.

நாற்காலியை எடுத்து மேசைக்கடியில் தள்ளிவிட்டு, சமையலறைக்குப் போய், வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று தேநீருக்குத் தண்ணீர் வைத்தார். திரும்பி என்னைப் பார்த்து, "என்ன தம்பி, கண்ணு கலங்குது, வெங்காயம் கூட நான் இன்னும் வெட்டலியே" என்றார். நான் ஏதோ சொன்னேன். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை, நல்லவேளை.

இப்போது மாலை ஆறரை ஆனால் மூன்றாவது மாடியில் நானும் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். அந்த மனிதர் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டார் என்று அந்த உறுமல் சொன்ன பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்குகிறது.