தேர்வு மேசையில் ஒரு புருஷன்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, மாப்பிள்ளை பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. குழந்தை மட்டும் சுகம்.

எங்கள் லிப்ட் கம்பெனியில் புகார் போன் எடுக்க ஆள் கேட்டார்கள். உங்கள் மகள் விண்ணப்பித்தாள். தேர்வு மேசையில் மேனேஜர், கணக்கர், தலைமை மெக்கானிக் என்ற முறையில் அடியேன். "உங்க பொண்டாட்டின்னு மூச்சு விடக் கூடாது. என் தகுதிக்குக் கிடைச்சாப் போதும்" என்பது அவள் கட்டளை. தலையாட்டித் தொலைத்தேன். மேனேஜர் எடுத்த எடுப்பிலேயே, "குழந்தைக்குக் காய்ச்சல்னா லீவு போடுவீங்களே? வீட்டுக்காரர் வேலைக்கு விடுவாரா?" என்றார். அதே குழந்தைக்கு நானும்தானே மாமா தகப்பன், என்னை ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்லை. இவள் என்னை ஒரு பார்வை பார்த்து, "அவரைத்தான் கேக்கணும் சார்" என்றாள். நான் பிஸ்கட்டைக் கடிக்காமலே முழுங்கினேன். அத்தோடு விட்டதா? டீ குடிக்க இறங்கிய மேனேஜர் எங்கள் லிப்டிலேயே மாட்டிக்கொண்டார். புகார் போனில் ஒரே அலறல். பக்கத்தில் இருந்த இவள்தான் எடுத்து, "கதவைத் தட்டாதீங்க சார், நான் லைன்லயே இருக்கேன், உங்க வீட்ல எத்தனை பேரு, சொல்லுங்க" என்று பேசிப் பேசியே ஆளை அடக்கினாள். நான் போய்த் திறந்தபோது மனிதர் சின்னப் பேத்தியின் குறும்பைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் பத்துக்கு ஒன்பது போட்டார். கணக்கர் எட்டு. நான், மாமா, இரண்டு போட்டேன். நாளைக்கு விஷயம் வெளியே தெரிந்தால் "பொண்டாட்டியை உள்ள நுழைச்சிட்டான்" என்பார்களே என்று பயம். எங்கள் மூவரிடமும் ஏழேழு வாங்கிய வேறொருவருக்கு அந்த வேலை கிடைத்துவிட்டது.

முடிவைச் சொல்லக் கூப்பிட்ட கணக்கர், யாரோ இரண்டு போட்டதை இவளிடம் போனில் உளறிவிட்டார். "எவனோ ரெண்டு போட்டிருக்கான், அவன் உருப்படுவானா?" என்று தினமும் என்னிடமே கேட்கிறாள். "உருப்பட மாட்டான்" என்கிறேன், வேறென்ன சொல்ல? ஆகவே தாங்கள் அவளிடம் போனில், இதெல்லாம் அந்த மேனேஜர் செய்த வேலையாகத்தான் இருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

அத்தைக்கு என் வணக்கம். முழங்கால் வலிக்கு மாடிப்படி ஏற வேண்டாம் என்று சொல்லவும்.

தங்கள் அன்பு மாப்பிள்ளை

பி.கு.: மேலே கேட்டதை விட்டுவிடுங்கள் மாமா. பொய் சொல்ல வேண்டாம். உறை ஒட்டுமுன் நானே உண்மையைச் சொல்லிவிட்டேன். பாத்திரம் பறக்கும் என்று நின்றேன். ஒன்றும் பறக்கவில்லை. "நான் யாரோ ஒருத்தியா இருந்திருந்தா எத்தனை போட்டிருப்பீங்க?" என்று கேட்டாள். "பத்து" என்றேன். அதைக் கேட்ட பிறகுதான் அழுதாள்.