சத்தம் வராத குதிரைகள்

எங்கள் வீட்டில் எனக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. அது பச்சைப் பொய்யால் வந்தது என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

யுத்தம் முடிந்து இரண்டொரு வருடம். கலியாணம் முடித்து, கனமூலையில் பெண் வீட்டோடு குடியேறிய புதிது. மாமா, அதாவது மனைவி ரிஸ்னாவின் வாப்பா, முந்தல் பக்கம் அரிசி மில்லில் இருபது வருடம் வேலை செய்தவர். என்னோடு ஒரு வார்த்தை கதைக்க மாட்டார். ஸலாம் சொன்னால் தலையாட்டுவார். "சாப்பிட்டீங்களா மாமா?" என்றாலும் அதே தலையாட்டல்தான். என்னைப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். (இரண்டு மாதமாகச் சோறு இறங்கவில்லை. சரி, கொஞ்சம் இறங்கியது.)

"வாப்பாக்கு கௌபோய் படமெண்டா உசிரு. மன்னார்ல இருக்கக்குள்ள ஒண்டும் விடமாட்டாராம். இஞ்ச வந்த பிறகு ஒண்டும் பாக்கல்ல," என்றாள் ரிஸ்னா.

போதாதா? பழைய படங்களை இலவசமாகத் தரும் இணையக் காப்பகம் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். டொங்கிளை ஜன்னல் கம்பியில் கட்டினால்தான் சிக்னல் வரும். அதனால் குதிரை தெரிந்த படங்களில் ஆகச் சின்ன ஃபைலாகப் பார்த்து எடுத்தேன். அது இறங்கவே மூன்று நாள். போட்டுப் பார்க்கும் புத்தி வரவில்லை.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து சாப்பிட்ட பின் குடும்பமே டீவிக்கு முன்னால் கூடியது. மாமா நடுக் கதிரையில். குதிரைகள் பாய்ந்தன, சத்தமில்லை. துவக்கு புகைந்தது, சத்தமில்லை. ஆட்கள் வாயை மட்டும் அசைத்தார்கள். வயரைப் பிடுங்கிக் குத்தினேன். ஸ்பீக்கரைத் தட்டினேன். கடைசியில் அதைக் கழற்றியே போட்டேன். (ஊமைப் படம் என்று ஒன்று உலகத்தில் இருந்தது நினைவுக்கே வரவில்லை. நான் பட்டதாரி வேறு.)

"படம் பழுதுபோல. விடுங்க மகன்," என்றார் மாமி, பாவப்பட்டு.

"மறைக்குது. ஒரு பக்கமா இரிங்க," என்றார் மாமா. அவர் என்னிடம் பேசிய முதல் வசனம் அதுதான்.

படம் முடிந்ததும் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். ஊருக்கே கேட்கும் குரலில் சொன்னார்: "எனக்குக் காது கேக்காது. சொல்ல வெக்கமா இருந்திச்சு. உங்கட வாயசைவப் பாத்துத்தான் இவ்வளவு நாளும் சமாளிச்சன். மருமகன்தான் கண்டுபிடிச்சு, கதை பேச்சில்லாத படமாத் தேடி எடுத்திருக்கிறார்."

மாமி அழுதுவிட்டார். ரிஸ்னா என்னை ஒரு பெரிய மனிதரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"ஓம் மாமா," என்றேன். வெட்கத்தில் எனக்கும் கண் கலங்கியது. பாவி, இந்த மனிதரையா கர்வக்காரர் என்று நினைத்தேன்?

அடுத்த மாதம் புத்தளத்தில் மாமாவுக்குக் காது மெஷின் வாங்கிப் பூட்டிக்கொண்டு பஸ்ஸில் திரும்பினோம். மாமா மெதுவாகச் சொன்னார்: "காதுதான் மகன் கேக்கல்ல. நீங்க ஸ்பீக்கரக் கழட்டினது நல்லாத் தெரிஞ்சிச்சு."

இன்றும் வீட்டில் யாராவது என் கெட்டித்தனத்தைப் புகழ்ந்தால், மாமா என்னைப் பார்த்துத் தன் கண்ணை ஒரு விரலால் தொட்டுக் காட்டுவார்.